கைகள் கற்கும் பாடம்

நீச்சலைப் பற்றிய புத்தகம் ஒன்றை நீங்கள் முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தேர்வு வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவீர்கள். ஆனால், ஆழமான கிணற்றில் குதிக்கச் சொன்னால் குதிப்பீர்களா? மாட்டீர்கள். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

டாக்டர்களும் நர்சுகளும் செய்யும் வேலைகளில் பலவும் நீச்சலைப் போன்றவையே. ஊசி போடுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாமே கை பழக வேண்டிய வேலைகள். அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, கை எப்படிப் பழகுகிறது என்று பார்ப்போம்.

இதயம் நின்றுவிட்டால்?

ஒருவருக்குத் திடீரென்று இதயத் துடிப்பு நின்றுவிடுகிறது. இரத்தம் ஓடுவதில்லை, மூளைக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. நாலைந்து நிமிடங்களிலேயே மூளையின் செல்கள் அழியத் தொடங்கும். அதற்குள் இதயத்தின் வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும்.

எப்படிச் செய்வது? இதயம், மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் இருக்கிறது. நோயாளியைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினால் இரத்தம் இதயத்திலிருந்து வெளியே பாயும். அழுத்தத்தை முழுவதும் தளர்த்தினால் மார்பு மேலெழும். இதயத்தில் மீண்டும் இரத்தம் நிறையும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போலத்தான்!

அமெரிக்காவில் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் இம்முறையை 1960-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இவர்களில் ஜூட் அறுவை மருத்துவர். மற்ற இருவரும் மின்பொறியியல் துறையினர்!

பொம்மை வந்தது

விதிகள் எளியவை. பெரியவர்களுக்கு மார்பு குறைந்தது 5 செ.மீ. அழுந்த வேண்டும்; 6 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 முறை அழுத்தியபின் 2 முறை மூச்சுக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் யாரிடம் பழகிப் பார்ப்பது? நன்றாக இருப்பவரின் மார்பை இப்படி அழுத்தினால் விலா எலும்பு முறிந்துவிடக் கூடுமே!

நார்வே நாட்டு பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் இதற்கு வழி கண்டார். 1960-இல் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்தார். அதன் மார்பினுள் ஒரு சுருள்வில் வைக்கப்பட்டது. அழுத்தினால் அமுங்கும்; விட்டால் எழும்பும். பாரிசில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்பட்ட, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பே அந்தப் பொம்மையின் முகமாயிற்று. பின்னர் வந்த பொம்மைகள், ஆழமும் வேகமும் சரியா தவறா என்று விளக்கு எரிந்து காட்டும்.

தெரிந்தவர்களும் தவறுவது ஏன்?

சிகாகோ நகரின் ஒரு மருத்துவமனையில், நோயாளிகளுக்கு இச்சிகிச்சை நடக்கும்போதே கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். முடிவு 2005-இல் வெளியாயிற்று. செய்தவர்கள் அனைவரும் மருத்துவமனை ஊழியர்கள். அப்படியிருந்தும், அளந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் 3.8 செ.மீ.யைக்கூட எட்டவில்லை. கால் பங்குக்கு மேல், வேகம் நிமிடத்துக்கு 90-க்கும் குறைந்திருந்தது.

அவர்களுக்கு விதி தெரியாதா? தெரியும். ஆனால் கை சோர்ந்துவிடுகிறது. ஓரிரு நிமிடத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்துபவருக்கோ அது தெரிவதில்லை! அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்கிறார்கள். இன்னொன்று: ஒருமுறை கற்ற பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. ஆகவே, எத்தனை அனுபவம் உள்ள நர்சும் அவ்வப்போது பொம்மையிடம் திரும்பி வந்து பழக வேண்டும். அது அவருக்குக் குறைவல்ல, நோயாளிக்குப் பாதுகாப்பு.

செய்து பாருங்கள்

கெட்டியான தலையணையைத் தரையில் வையுங்கள். பக்கத்தில் முழந்தாளிட்டு, முழங்கைகளை மடக்காமல் அழுத்துங்கள். நண்பர் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வோர் அரை நிமிடத்திலும் எத்தனை முறை அழுத்தினீர்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். இரண்டு நிமிடம் நிறுத்தாமல் செய்யுங்கள். அரை நிமிடத்துக்கு 50 முதல் 60 வரை வந்தால் வேகம் சரி. (எச்சரிக்கை: விளையாட்டுக்காகக்கூட ஒருவர் மார்பில் இதைச் செய்யாதீர்கள்.)

முதல் அரை நிமிடத்தின் எண்ணிக்கையையும் கடைசி அரை நிமிடத்தின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாகவே இருக்கலாம். ஆனால் ஆழமும் குறையாமல் இருந்ததா? அதைத் தலையணை சொல்லாது. உங்கள் கைக்கும் தெரியாது. அளந்து சொல்ல ஒரு பொம்மை ஏன் தேவைப்பட்டது என்பது இப்போது புரிகிறதல்லவா?