தைலம் என்னும் ஒரு சொல்

ஒரே சொல் இரு பொருள்களைக் குறிப்பது கவிதைக்கு அழகு. மருந்துப் பெட்டிக்கோ அஃது ஆபத்து. தைலம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வடமொழியில் திலம் என்றால் எள். அதினின்று பிறந்தது தைலம். முதலில் நல்லெண்ணெயைக் குறித்த அச்சொல், நாளடைவில் மூலிகைகளை இட்டுக் காய்ச்சிய மருந்தெண்ணெய்களுக்கும் பெயராயிற்று. அவ்வெண்ணெயை உள்ளங்கை நிறைய வார்த்து உச்சியில் தேய்த்து முழுகுவது நம் வீட்டு வழக்கம்.

விடுமுறை முடிந்து திரும்பும் நம் நண்பர்களின் பெட்டியில் உதகையிலிருந்து வந்த நீலகிரித் தைலப் புட்டி ஒன்று இருப்பதுண்டு. அதற்கும் தைலம் என்றுதான் பெயர். பெயர் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றே என எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம் எத்துணைத் தவறானது என்பதை எளிய சோதனையால் அறியலாம். ஒரு தாளில் நல்லெண்ணெய் ஒரு துளியும் நீலகிரித் தைலம் ஒரு துளியும் விட்டு வையுங்கள். மறுநாள் நல்லெண்ணெயின் கறை அப்படியே இருக்கும். மற்றதோ பெரும்பாலும் காற்றில் கலந்து போயிருக்கும். முன்னது கொழுப்பு, பின்னது ஆவியாகும் நறுமணச் சாரம்.

இச்சாரத்தை எடுக்கும் முறையைக் கண்டால் அதன் வன்மை விளங்கும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில் மலர்களையும் நீரையும் செப்புக் கலத்திலிட்டு, வாயை மண்ணால் பூசி அடைத்து, விறகுத் தீயில் காய்ச்சுகிறார்கள். எழும் ஆவி மூங்கிற் குழாய் வழியே குளிர்ந்த மற்றொரு கலத்துக்குச் சென்று, அங்குள்ள சந்தன எண்ணெயில் தன் மணத்தை இறக்குகிறது. அத்தர் பிறப்பது இவ்வாறே. கலப்பற்ற ரோஜா எண்ணெய் ஒரு கிலோ வடிப்பதற்கு 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட மலர்கள் வேண்டும். ஒரு துளியில் எத்தனை மலர்கள் அடங்கியுள்ளன என்று கணக்கிட்டுப் பாருங்கள். மூலிகை தீங்கற்றதாயிருக்கலாம்; அதன் சாரமும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ள இடமில்லை.

அப்படியானால் இவற்றால் பயனே இல்லையா? உண்டு. நல்ல மணம் மனத்துக்கு அமைதி தருகிறது. கிராம்புத் தைலத்திலுள்ள யூஜினால் பல்வலியைச் சிறிது நேரம் மரக்கச் செய்கிறது. ஆயினும் பயனின் எல்லையையும் அறிதல் வேண்டும். புதினாவின் மென்தாலை முகர்ந்ததும் அடைத்த மூக்குத் திறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் வழி அகலவில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புகள் தூண்டப்படுகின்றன. ஆறுதல் மெய்யே, ஆனால் நோய் தீர்ந்தது என்று கருதி மருத்துவரைக் காணாதிருத்தல் கூடாது.

இனித் தீங்குகளைக் காண்போம். முதலாவது, உட்கொள்ளுதல். இருமலுக்கு நல்லதென்று நீலகிரித் தைலத்தைச் சர்க்கரையில் விட்டு விழுங்குவோர் இன்றும் உளர். சில மில்லி லிட்டர் உள்ளே சென்றாலே குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். கற்பூரமும் அத்தன்மையதே. நீலகிரியிலேயே விற்கப்படும் மற்றொன்று, மூட்டுவலிக்குத் தடவும் விண்டர்கிரீன் தைலம். அதன் பெரும்பகுதி மீதைல் சாலிசிலேட். 5 மில்லி லிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி விழுங்கினால், அஃது ஏறத்தாழ 20 ஆஸ்பிரின் மாத்திரைகளை ஒருங்கே விழுங்கியதற்குச் சமம். உயிருக்கே உலை வைக்கும்.

இரண்டாவது, தோல். கலப்பின்றித் தடவினால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகலாம். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கருக்கும். நெடுநாள் திறந்து கிடந்த புட்டி இன்னும் தீது. காற்றுப்பட்டு மாறிய சாரம் ஒவ்வாமையை எளிதில் உண்டாக்கும்.

மூன்றாவது, மூச்சு. ஆஸ்துமா உடையவர்க்குக் கடுமணமே இழுப்பைத் தூண்டலாம். அறையைப் பகிர்ந்து வாழும் நாம், நமக்கு இனிய மணம் பக்கத்துக் கட்டிலில் உறங்குபவருக்கும் இனிதா என்று கேட்டறிதல் கடமை. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த களிம்புகளும் ஆகாது. அவற்றைப் பயன்படுத்தியபின் வலிப்பு வந்த நோயாளிகளைப் பற்றிப் பெங்களூர் நரம்பியல் மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் எழுதியுள்ளனர்.

ஆகவே மனத்திற் கொள்ளத்தக்க விதிகள் இவை:

1. மருத்துவர் சொன்னாலன்றி ஒரு துளியும் விழுங்கலாகாது.

2. தடவுவதாயின் 30 மில்லி லிட்டர் தேங்காயெண்ணெயில் 6 துளிக்கு மேல் வேண்டாம். அது நூற்றுக்கு ஒரு பங்கு. முதலில் முன்கையில் சிறிது தடவி ஒருநாள் பார்க்கவும். கண், மூக்கின் உட்புறம், புண் ஆகியவற்றை அணுக விடாதீர்.

3. கைக்குழந்தையின் மூக்கருகிலோ மார்பிலோ கற்பூர, மென்தால் களிம்பு பூசலாகாது, மூச்சு திணறும். ஊருக்குச் செல்லும்போது வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள்.

4. கருவுற்றோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துக.

5. கொதிநீரைக் கட்டிலில் வைத்துப் போர்வைக்குள் ஆவி பிடிக்க வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து உடல் வெந்துபோதல், தடுமனைவிடப் பன்மடங்கு கொடிது.

6. புட்டியை இறுக மூடி, நெருப்புக்கும் வெயிலுக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் வைக்கவும். இது தீப்பற்றும் பொருள்.

தவறி எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர். தைலம் நுரையீரலில் புகுந்துவிடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். நஞ்சுகளைப் பற்றி ஆலோசனை கூறத் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தேசிய நச்சுத் தகவல் மையம் ஒன்று உள்ளது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நாம் அறிந்த பழமொழி. இச்சாரங்களில் அந்த அளவு துளிக் கணக்கில் அமைந்துள்ளது. புட்டியைக் கையில் எடுக்கும்போது, இது நம் பாட்டி உச்சியில் வார்த்த தைலமா, வாலையில் வடித்த தைலமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.