எஞ்சின் மாறினால் கியர் லிவர் என்ன ஆகும்?

பேருந்தில் ஓட்டுநருக்கு அருகே உள்ள இருக்கையில் அமர்ந்து பயணம் செய்திருப்பீர்கள். அவர் இடக்காலால் கிளட்சை மிதித்துக்கொண்டு, இடக்கையால் ஒரு நீண்ட கம்பியை முன்னும் பின்னும் தள்ளுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் கியர் லிவர். அந்தக் கம்பி பற்சக்கரங்களையே பிடித்து இடம் மாற்றுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. இன்றைய கியர்ப் பெட்டிகளில் முன்செல்லும் கியர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. லிவர் செய்வதெல்லாம் பெட்டிக்குள் இரண்டு செய்திகளை அனுப்புவதுதான்.

ஒரு வண்டியின் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறு எஞ்சினைப் பொருத்துவதுண்டு. அப்போது அந்த எஞ்சினுக்கு ஏற்ற கியர்ப் பெட்டியும் உடன் வரும். எஞ்சின் அறையில் பெட்டி அழகாகப் பொருந்திவிடலாம். ஆனால் ஓட்டுநரின் கையிலிருந்து போகும் அந்த இரண்டு செய்திகள் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமே! அதற்கு என்ன செய்கிறார்கள், பிழை நேர்ந்தால் என்ன விளையும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெட்டிக்குள் ஒரு பார்வை

கியர்ப் பெட்டிக்குள் பற்சக்கரங்கள் இரண்டு இரண்டாக, எப்போதும் ஒன்றோடொன்று பல் பொருந்திச் சுழன்றுகொண்டே இருக்கின்றன. முதல் கியருக்கு ஓர் இணை, இரண்டாம் கியருக்கு ஓர் இணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இணையிலும் ஒரு சக்கரம் தன் அச்சுத்தண்டின்மீது தளர்வாகச் சுற்றும், தண்டைச் சுழற்றாது. அந்தச் சக்கரத்தைத் தண்டோடு பூட்டினால்தான் அந்தக் கியர் 'விழுந்தது' என்று பொருள்.

பூட்டும் வேலையைச் செய்வது ஒரு நழுவு வளையம். அது தண்டோடு சேர்ந்து சுழலும். அதே வேளையில் தண்டின் நீளவாக்கில் முன்னும் பின்னும் நழுவும். முன்னால் நழுவினால் ஒரு கியரோடு பூட்டிக்கொள்ளும். பின்னால் நழுவினால் மற்றொரு கியரோடு பூட்டிக்கொள்ளும். நடுவில் நின்றால் எதனோடும் சேராது. இதுவே நடுநிலை, அதாவது நியூட்ரல்.

சுழலும் வளையத்தைக் கையால் பிடித்து நகர்த்த முடியுமா? முடியாது. ஆகவே வளையத்தின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு கவையைப் பொருத்தியிருக்கிறார்கள். மரக்கிளையில் உண்டிவில்லுக்கு வெட்டுவீர்களே, அதே வடிவம்தான். மெக்கானிக்குகள் இதை 'ஃபோர்க்' என்பார்கள். கவை ஒரு தண்டில் இறுக்கப்பட்டிருக்கும். நான்கு முன்கியரும் ஒரு ரிவர்ஸ் கியரும் உள்ள பெட்டியில் பொதுவாக இத்தகைய தண்டுகள் மூன்று, அருகருகே அமைந்திருக்கும். ஒன்று 1, 2 கியர்களுக்கு, மற்றொன்று 3, 4 கியர்களுக்கு, மூன்றாவது ரிவர்ஸுக்கு.

இப்போது அந்த இரண்டு செய்திகள் எவை என்று நீங்களே சொல்லிவிடலாம். லிவரை இடம் வலமாக அசைத்தால், எந்தத் தண்டு என்று 'தேர்ந்தெடுக்கிறோம்'. முன்பின்னாக அசைத்தால், அந்தத் தண்டை எந்தப் பக்கம் என்று 'தள்ளுகிறோம்'. தேர்வு ஒன்று, தள்ளல் ஒன்று. கியர் லிவரின் தலையில் பொறித்திருக்கும் கோட்டுப்படம் இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டும் வரைபடமே ஆகும்.

பெட்டிக்குள் இரண்டு காவலர்களும் இருக்கிறார்கள். ஒருவர், வில்சுருளால் அழுத்தப்பட்ட எஃகுக் குண்டு. தண்டில் உள்ள குழியில் அது விழுந்து, கியர் தானாக நழுவாமல் காக்கும். மற்றவர், தண்டுகளுக்கு இடையே உள்ள சிறு ஊசிகள். ஒரு தண்டு நகர்ந்தால் இவை மற்றத் தண்டுகளை அசையவிடாமல் பூட்டிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் விழுந்தால், ஒரே தண்டு இரு வேறு வேகங்களில் சுழல வேண்டியிருக்கும். அது இயலாது, பெட்டி இறுகி நிற்கும், அல்லது பற்கள் உடையும்.

அம்பாசடர் கற்பிக்கும் பாடம்

1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் காரை அறியாதவர் இல்லை. நெடுங்காலம் அதன் கியர் லிவர் தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டி நின்றது. இதனால் முன்னிருக்கையில் காலுக்கு இடைஞ்சல் இல்லாமல் மூவர் அமர முடிந்தது. ஸ்டியரிங்குக்கு இணையாகச் சென்ற தண்டு நழுவியும் சுழன்றும் இரு செய்திகளையும் கீழே கொண்டுபோனது. அங்கிருந்து நெம்புகோல்களும் கம்பிகளும் அவற்றைக் கியர்ப் பெட்டிக்குச் சேர்த்தன.

1990களின் தொடக்கத்தில் இதே காரில் 1,817 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இசுசு எஞ்சினைப் பொருத்தினார்கள். முந்தைய பெட்ரோல் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர். புதிய எஞ்சினோடு ஐந்து கியர் கொண்ட பெட்டியும் வந்தது. உடனே லிவர் ஸ்டியரிங்கை விட்டுத் தரைக்கு இறங்கியது. காரின் உடல் பழையதுதான். ஆனால் செய்தி போகும் வழி முற்றிலும் மாறிவிட்டது. எஞ்சின் மாற்றம் எஞ்சினோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நெம்புகோல் கணக்கு

தரையில் நிற்கும் லிவர் ஒரு முதல்வகை நெம்புகோல். தாங்குபுள்ளி நடுவில் உள்ளது. மேல் கை 300 மில்லிமீட்டர், கீழ்க் கை 40 மில்லிமீட்டர் என்று கொள்வோம். விகிதம் 300 ÷ 40 = 7.5. வளையம் முழுதும் பூட்ட 10 மில்லிமீட்டர் நகர வேண்டுமானால், ஓட்டுநரின் கை 75 மில்லிமீட்டர் நகர வேண்டும். வளையத்தை நகர்த்த 150 நியூட்டன் விசை தேவை என்றால், கை தர வேண்டியது 20 நியூட்டன் மட்டுமே.

இப்போது புதிய பெட்டிக்காகக் கீழ்க் கையை 60 மில்லிமீட்டராக நீட்டிவிட்டார்கள் என்று கொள்வோம். விகிதம் 5 ஆகிவிடும். கை 50 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். ஆனால் விசை 30 நியூட்டனாக உயரும். தூரத்தில் மிச்சம் பிடித்தால் விசையில் கொடுத்தே ஆக வேண்டும்.

மாறாகக் கீழ்க் கையை 30 மில்லிமீட்டராகக் குறைத்தால் விகிதம் 10. கை இலேசாக இருக்கும். ஆனால் 100 மில்லிமீட்டர் நகர வேண்டும். தரையில் வெட்டிய துளை 75 மில்லிமீட்டர்தான் இடம் தருகிறது என்றால் என்ன ஆகும்? வளையம் 7.5 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். கியர் அரைகுறையாக விழும். வண்டி ஓடும்; ஆனால் மேடு ஏறும்போதோ பாரம் இழுக்கும்போதோ கியர் திடீரென்று கழன்றுவிடும். பற்களின் ஓரமும் தேய்ந்துபோகும். பார்வைக்குத் தெரியாத இரண்டரை மில்லிமீட்டர் செய்யும் வேலை இது!

மூட்டுகளின் தளர்ச்சியும் கணக்கில் சேரும். வழியில் நான்கு மூட்டுகள் இருந்து, ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், கடைசியில் 2 மில்லிமீட்டர் தொலைந்துபோகும். ஆகவே மூட்டுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

திரும்பி நிற்கும் பெட்டி

இனி, இன்னும் சுவையான சிக்கலைப் பார்ப்போம். ஜெர்மனியின் போர்ஷ 911 காரில் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அதன் தொடக்கக் கார்களில் கியர்ப் பெட்டி அச்சுக்கு முன்னால், மூக்கை ஓட்டுநரை நோக்கி நீட்டிக்கொண்டு இருந்தது. லிவரிலிருந்து ஒரு கம்பி நேராக அந்த மூக்குக்குப் போனது.

1969இல் போக்ஸ்வாகனும் போர்ஷயும் சேர்ந்து 914 என்ற காரை வெளியிட்டன. இதில் எஞ்சின் அச்சுக்கு முன்னால், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வந்தது. பெட்டியோ 911இன் பெட்டியை ஒட்டியதே. அதை அப்படியே திருப்பி வைத்தார்கள். முன்னோக்கி நடக்கும் ஒருவரைத் திருப்பி நிறுத்தினால், அவர் எதிர்த் திசையில் நடப்பார் அல்லவா? அதுபோலவே, எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்துத் திருப்பினால் கார் பின்னோக்கி ஓடும்! ஐந்து கியர் பின்னோக்கி, ஒன்றே ஒன்று முன்னோக்கி. இதைத் தவிர்க்க, டிஃபரன்ஷியலில் உள்ள கிரௌன் சக்கரத்தைப் பினியனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். சக்கரங்களின் சுழற்சித் திசை சரியாகிவிட்டது.

ஆனால் பெட்டியின் மூக்கு இப்போது காரின் வாலை நோக்கி இருக்கிறது. ஆகவே லிவரின் கம்பி எஞ்சினைக் கடந்து, பெட்டியையும் கடந்து, கடைசி முனைக்குப் போக வேண்டியதாயிற்று. நீண்ட வழி, பல மூட்டுகள், அதனால் தளர்ச்சி. 1973ஆம் ஆண்டு மாதிரியில் இந்த அமைப்பை மாற்றி, பெட்டியின் பக்கவாட்டிலேயே கம்பியை நுழைத்தார்கள். லிவரின் பிடிப்பு திருந்தியது.

நீளம் மட்டுமன்று, திசையும் சிக்கலே. திருப்பி வைத்த பெட்டிக்கு முன் என்பது பின்; இடம் என்பது வலம். எளிய நான்கு கியர்ப் பெட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடப்பக்கம் முன்னே 1, பின்னே 2. வலப்பக்கம் முன்னே 3, பின்னே 4. பெட்டியைத் திருப்பிவிட்டு, கம்பியை எந்தத் திருத்தமும் இன்றி மாட்டினால் இரு செய்திகளும் தலைகீழாகும். 1இன் இடத்தில் 4 விழும். 4இன் இடத்தில் 1 விழும்.

இது வெறும் குழப்பமன்று; ஆபத்து. எஞ்சின் மூன்றாம் கியரில் விரைந்து சுழல்கிறது. ஓட்டுநர் நான்காம் கியர் என்று நம்பி முதல் கியரைப் போட்டுவிடுகிறார். நான்காம் கியரின் விகிதம் 1, முதல் கியரின் விகிதம் 3.6 என்று கொள்வோம். அந்த வேகத்தில் நான்காம் கியருக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் போதும். முதல் கியரிலோ 3,000 × 3.6 = 10,800 சுற்று! சாதாரணக் கார் எஞ்சின் தாங்குவது 6,000 சுற்று அளவில்தான். கிளட்சை விட்ட நொடியில் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி நொறுங்கலாம். பின்சக்கரங்கள் இறுகி வண்டி சறுக்கலாம்.

திசையைத் திருத்தும் வழி

திருத்தம் மிக எளிய விதியில் அடங்கியிருக்கிறது. நடுவில் தாங்குபுள்ளி உள்ள ஒவ்வொரு நெம்புகோலும் திசையை ஒரு முறை மாற்றும். இரட்டைப்படை எண்ணிக்கை திசையை மீட்டுத் தரும். ஒற்றைப்படை எண்ணிக்கை எதிர்த் திசை தரும். தாங்குபுள்ளி ஒரு முனையில் இருந்தால் திசை மாறாது. தள்ளல் தலைகீழானால், வழியில் ஒரு நடுப்புள்ளி நெம்புகோலைச் சேர்த்தால் போதும். தேர்வுச் சுழற்சி தலைகீழானால், இரண்டு தண்டுகளை அருகருகே வைத்து, ஒன்றின் மேல் கையையும் மற்றதன் கீழ்க் கையையும் ஓர் இணைப்புக் கம்பியால் பிணைத்தால் போதும்.

செய்து பாருங்கள்: தடித்த அட்டையில் 30 சென்டிமீட்டர் நீளப் பட்டைகள் இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் குண்டூசியால் ஒரு பலகையில் குத்தி, இரண்டின் கீழ் முனைகளையும் மற்றொரு பட்டையால் இணையுங்கள். முதற்பட்டையின் மேல்முனையை முன்னே தள்ளினால், கீழ்முனை பின்னே போகும். இரண்டாம் பட்டையின் மேல்முனை மீண்டும் முன்னே வரும். பிறகு குண்டூசியை நடுவிலிருந்து நகர்த்திக் குத்தித் தூரங்கள் மாறுவதை அளவுகோலால் அளந்து எழுதுங்கள்.

கம்பிக்குப் பதிலாகக் கேபிளையும் பயன்படுத்தலாம். சைக்கிள் பிரேக் கேபிளைப் போன்றது. ஆனால் இழுக்கவும் தள்ளவும் வல்லது. 1984இல் வந்த டொயோட்டா எம்ஆர்2 காரில் எஞ்சினும் பெட்டியும் ஓட்டுநருக்குப் பின்னால் குறுக்காக அமைந்திருந்தன. தேர்வுக்கு ஒரு கேபிள், தள்ளலுக்கு ஒரு கேபிள் என்று இரண்டு கேபிள்கள் செய்தி கொண்டுபோயின. ரப்பர் தாங்கிகளின்மேல் எஞ்சின் குலுங்கினாலும் கேபிள் வளைந்து கொடுக்கும். விறைப்பான கம்பியானால் அந்தக் குலுக்கலே கியரைக் கழற்றிவிடக் கூடும்.

தொடக் கூடாதவை

நல்ல மெக்கானிக் பெட்டிக்கு வெளியே உள்ள கம்பி, கை, மூட்டு ஆகியவற்றையே மாற்றுவார். உள்ளே உள்ள குண்டையும் பூட்டு ஊசிகளையும் தொட மாட்டார். வெட்டிப் பற்றவைத்த கம்பி முறிந்தால், ஓடும் வண்டியில் கியரை மாற்ற வழி இராது. ஆகவே பற்றவைப்பைச் சோதிக்காமல் வண்டியைச் சாலைக்கு விட மாட்டார். சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தி, எஞ்சினை ஓடவிடாமல், ஒவ்வொரு கியரும் தன் இடத்தில் முழுதாக விழுகிறதா என்று முதலில் பார்ப்பார். நம் நாட்டில் இத்தகைய மாற்றங்களைச் சட்டமும் கண்காணிக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியதே.

லிவரைக் கையில் பிடிப்பவர் பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்பதில்லை. லிவரின் தலையில் உள்ள கோட்டுப்படத்தை நம்பியே வண்டியை ஓட்டுகிறார். அந்த நம்பிக்கை பொய்க்காமல் பார்த்துக்கொள்வதே எஞ்சினை மாற்றுபவரின் கடமை.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. லிவரின் மேல் கை 320 மில்லிமீட்டர், கீழ்க் கை 40 மில்லிமீட்டர். கவை 9 மில்லிமீட்டர் நகர வேண்டும். ஓட்டுநரின் கை எவ்வளவு நகர வேண்டும்? துளை 60 மில்லிமீட்டர் மட்டுமே இடம் தந்தால் கவை எவ்வளவு நகரும்?

2. திருப்பி வைத்த நான்கு கியர்ப் பெட்டியில் முன்பின் திசையை மட்டும் திருத்தி, இடவலத்தை மறந்துவிட்டார்கள். முதல் கியர் எங்கே விழும்?

3. நடுப்புள்ளி நெம்புகோல்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. முதலாவதன் முனையை முன்னே தள்ளினால், கடைசி முனை எப்பக்கம் நகரும்?

விடைகள்: 1. 72 மில்லிமீட்டர், 7.5 மில்லிமீட்டர். 2. வலப்பக்கம் முன்னே. 3. பின்பக்கம்.