ரேஸ் கேமில் பெட்ரோல் கணக்கு

ஆக்சிலரேட்டரை அழுத்திக் கொண்டே இருந்தால் ஜெயித்து விடும் கார் ரேஸ் கேம்கள் பல உண்டு. 2008-ல் வந்த ஐரேசிங் அப்படியல்ல. இன்டர்நெட் வழியாகப் பலர் ஓட்டும் இதில் பெட்ரோல் தீரும், டயர் தேயும். இவற்றைக் கவனிக்க காரை ஓரமாகக் கொண்டு வந்து நிறுத்துவதே பிட் ஸ்டாப்.

ரேஸ் 30 சுற்று, ஒரு சுற்றுக்கு 2.5 லிட்டர் என்றால் தேவை 75 லிட்டர். டேங்க் 50 லிட்டர்தான் என வைத்துக் கொள்ளுங்கள். ஒரு முறை நிறுத்தி 25 லிட்டர் போட்டால் போதும். ஆனால் ஒரு சுற்றுக்கானதைக் கூடுதலாகச் சேர்த்து 27.5 போடுங்கள். 11-வது சுற்று முடிந்தது முதல் 19-வது முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். புதியவர்கள் டேங்க்கை நிரப்பி விடுவார்கள். நேரமும் வீண், காரின் எடையும் கூடும். எஃப்4 கீயை அழுத்தி அளவை நீங்களே கொடுங்கள். பிட் பாதையில் வேக வரம்பைத் தாண்டினால் தண்டனை உண்டு.

டீம் ரேஸில் பிட் ஸ்டாப்பின்போது டிரைவர் மாறலாம். ஒருமுறை அந்தக் கூடுதல் சுற்றுக்கு நான் போடவில்லை. கடைசிச் சுற்றில் கார் நின்றது. எனக்கு முன் இருவர் மணிக்கணக்கில் ஓட்டிப் பிடித்த இடம் போயிற்று. யாரும் திட்டவில்லை. அடுத்த ரேஸில் ஓட்டாமல் இருந்த நண்பர், சுற்றுக்குச் சுற்று மீதி லிட்டரை ஹெட்போனில் சொல்லிக் கொண்டே வந்தார்.