தெளிப்பான் பாட்டரி நீண்ட நாள் உழைக்க

பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி சுற்றுவட்டாரத்தில் மல்லிகை, கீரை, கத்தரி பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் இன்று பாட்டரித் தெளிப்பானையே முதுகில் சுமக்கின்றனர். கார்த்திகை கடைசியில் மல்லிகையைக் கவாத்து செய்ததும் அதை மூலையில் வைத்துவிடுகிறோம். பங்குனியில் மொக்குப்புழு தலைகாட்டும்போது எடுத்தால், ஒரு டாங்க் தீருமுன்பே மோட்டார் நின்றுவிடுகிறது. புதுப் பாட்டரி வாங்கி வருவதற்குள் புழு மொக்கைத் தின்றுவிடும். ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடும் பாட்டரிகளே அதிகம்.

முதலில் தங்கள் பாட்டரி எந்த வகை என்று பார்க்க வேண்டும். கையில் கனமாக, 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அது ஈய அமில பாட்டரி. இதில் மின்சாரம் செலவாகும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் இது மாறிவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் கெட்டிப் படிகமாக இறுகி, பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் கரையாது. ஆகவே அரை டாங்க் தெளித்திருந்தாலும் அன்று இரவே சார்ஜ் போடுதல் வேண்டும். வேலை இல்லாத நாட்களில் மாதம் ஒரு முறை சார்ஜ் செய்து வைப்பது நல்லது. எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் இருந்தால், சார்ஜ் எடுத்துச் சில மணி நேரம் கழித்து அளக்கச் சொல்லலாம். 12.7 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8-க்கு இறங்கினால் காலி.

கவாத்துக் கத்தரி, கையடக்க ரம்பம், துளையிடும் கருவி ஆகியவற்றில் வருவது லித்தியம் பாட்டரி. இப்போது சில தெளிப்பான்களிலும் வருகிறது. இதற்கு முறை வேறு. பல மாதம் வைப்பதானால் முழுதும் நிரப்பாமலும், முழுதும் தீர்க்காமலும், பாதி சார்ஜில் வைக்க வேண்டும். "முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் போடு" என்று பெரியவர்கள் சொல்வது பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரிக்கு உரிய பேச்சு. இவ்விரண்டு வகைக்கும் அது ஆகாது. (கடையில் 18 வோல்ட், 20 வோல்ட் என்று தனித்தனியாகச் சொல்லும் கருவிகள் பலவற்றிலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். எண்ணைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.)

சார்ஜரை மாற்றிப் போடுவது ஆபத்து. மூன்று செல் வரிசை கொண்ட லித்தியம் பாட்டரி 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். ஈய பாட்டரிச் சார்ஜரோ 14 வோல்ட்டுக்கு மேல் தரும். பாட்டரி வீங்கித் தீப்பிடிக்கவும் கூடும். வீட்டில் இரு வகையும் இருந்தால் சார்ஜர்களில் வெவ்வேறு நிறத் துணி கட்டி வையுங்கள்.

இரு வகைக்கும் பொதுவான எதிரி வெயில். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகையான பம்பு செட்டுக்குள் பாட்டரியை விடலாகாது. வீட்டில் காற்றோட்டமான நிழலே தக்க இடம். வயலிலிருந்து வந்ததும் சூட்டோடு சார்ஜ் போடாமல் ஒரு மணி நேரம் ஆறவிடவும். டாங்கைக் கழுவும்போது பாட்டரி அறையில் நீர் புகாமல் பார்க்கவும். வடிகட்டியில் வண்டல் அடைத்திருந்தால் அதே பாத்தியைத் தெளிக்க மோட்டார் கூடுதல் நேரம் ஓட வேண்டியிருக்கும். மருந்து கலக்கும் நீரைத் துணியில் வடித்து ஊற்றினால் போதும்.

செத்த பாட்டரியை வரப்பிலோ வாய்க்காலிலோ எறியக் கூடாது. ஈயமும் அமிலமும் நீரைக் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதியது வாங்கப் போகும்போது பழையதையும் கடைக்கு எடுத்துச் சென்று, ஈயத்துக்கு உரிய விலையைக் கேட்டுக் கழித்துக்கொள்ளவும்.