வளைந்த ஹவுசிங்கில் சிக்கிய ஆக்ஸில்

லாரியின் பின் ஆக்ஸில் ஹவுசிங் வளைந்துவிட்டது. ஆக்ஸில் ஷாஃப்டை எப்படி உருவுவது?

கனரக லாரிகளில் வண்டியின் எடையைச் சுமப்பது ஷாஃப்ட் அல்ல, ஹப்பும் ஹவுசிங்கும்தான். அதனால் சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை உருவலாம். பழி வளைவின் மேல் விழுந்தாலும், பல வண்டிகளில் முதல் குற்றவாளி ஃபிளாஞ்ச் ஸ்டட்களைச் சுற்றி இறுகிய கூம்பு வளையங்கள், அதாவது கோன்கள். நட்டுகளை ஸ்டட் முனைவரை தளர்த்தி விட்டு, ஃபிளாஞ்சின் நடுவில் பித்தளைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் கோன்கள் துள்ளி வெளிவரும். நட்டு முழுதாகக் கழன்றிருந்தால் அவை பறக்கும்.

அப்படியும் அசையாவிட்டால், முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். சுமை நீங்கியதும் பிடி தளரலாம். ஃபிளாஞ்சில் மரையிட்ட துளைகள் இருந்தால், அவற்றில் போல்ட் முறுக்கி ஷாஃப்டைத் தள்ளலாம். சக்கரத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே இழுப்பது உதவும். சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஷாஃப்டும் வளைந்திருக்கிறது. எதற்கும் மசியாவிட்டால் ஹவுசிங்கை வெட்டலாம். அவ்வளவு வளைந்தது எப்படியும் மாற்ற வேண்டியதே.