வராத உதவித்தொகையும் ஒரு கணக்குப் பாடமும்

“பள்ளிக்கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம். உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்.” இப்படிப் பேசிப் பெற்றோரின் பணத்தைச் சுருட்டிய கும்பல் ஒன்று 2024இல் கோவையில் பிடிபட்டது. மாணவரின் விவரங்களைச் சரியாகச் சொன்னதால்தான் பெற்றோர் ஏமாந்தனர். அகரம், தாடிக்கொம்பு போன்ற ஊர்களில் இத்தகைய அழைப்பு வந்தால், “உண்மையா சார்?” என்று பெற்றோர் கேட்பது வகுப்பாசிரியரைத்தான். எனவே பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.

பதில் எளிது. யுபிஐயில் பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. கணக்கிலிருந்து பணம் வெளியேறவும், இருப்பைப் பார்க்கவும்தான் அது கேட்கப்படும். ‘வாங்க’ என்று சொல்லி எண்ணைக் கேட்டாலே அது மோசடி. இந்த ஒரு வரியைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் போதும். சுற்றறிக்கை வாசிப்பதைவிடப் பயன் தரும்.

எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்திலும் இதற்கு இடமுண்டு. நான்கு இலக்க ரகசிய எண்கள் எத்தனை அமைக்கலாம்? ஒவ்வோர் இடத்திலும் 10 வாய்ப்பு; 10×10×10×10 = 10,000. அதையே பிறந்த ஆண்டாக வைத்தால்? 1960 முதல் 2015 வரை எண்ணச் சொல்லுங்கள்: வெறும் 56. பத்தாயிரம் 56 ஆகச் சுருங்குவதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். அன்று மாலையே சில வீடுகளில் எண் மாறும். (அவரவர் எண்ணை வகுப்பில் சொல்லவிடக் கூடாது.)

இனி நம் அலுவலகம். எமிஸ் கடவுச்சொல்லை ஊர்ப்பெயரோடு 123 சேர்த்து வைத்து, மறக்காமலிருக்கச் சுவரிலும் ஒட்டினால், மாணவர் விவரங்களுக்குக் காவல் ஏது? 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக் கணினி ஒன்றிலேயே தீநிரல் புகுந்தது. அந்த வலைப்பின்னல் உலையின் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் உலைக்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது. பிரித்து வைப்பது பள்ளிக்கும் பொருந்தும்: பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோகும் பென்டிரைவ் வேறு, மாணவர் விவரம் உள்ள பென்டிரைவ் வேறு.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. குறுஞ்செய்தியையும் அழைப்பு விவரத்தையும் அழிக்கக் கூடாது. பரிவர்த்தனை எண் அதில்தான் இருக்கும்.