ஊர்ப்பெயரும் ஊரார் பெயரும்

தமிழில் 'பெயர்' என்னும் சொல் இருபொருள் தருவது. ஒருவரை அழைக்கும் சொல்லும் பெயரே; அவர் உலகில் ஈட்டிய மதிப்பும் பெயரே. 'நல்ல பெயர் எடுத்தான்', 'பெயரைக் கெடுத்துக்கொண்டான்' என்னும் வழக்குகள் இதனை உணர்த்தும். தனி மனிதருக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஊருக்கும் பொருந்தும். முகவரியில் ஊர்ப்பெயரைப் படித்த அளவிலேயே அவ்வூராரைப் பற்றிய ஒரு முடிவு பலர் உள்ளத்தில் எழுந்துவிடுகிறது. ஊர்ப்பெயர் மதிப்பைப் பெறுவதும் இழப்பதும் எவ்வாறு? பெயரை மாற்றினால் இழந்த மதிப்பு மீளுமா? செங்கற்பட்டு வட்டாரத்திலும் நம் சிறுசேரிச் சாலையிலும் வழங்கும் பெயர்களைக் கொண்டே இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

'சேரி' கண்ட மாற்றம்

சிறுசேரி என்னும் பெயரில் 'சேரி' உள்ளது. வேளச்சேரி, செம்மஞ்சேரி, புதுச்சேரி முதலியனவும் அவ்வாறே முடிவன. 'சேர்' என்னும் அடியிலிருந்து பிறந்த இச்சொல், மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்றே முதலில் பொருள்பட்டது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஊராட்சித் தேர்தல் முறையை விரித்துரைக்கிறது. அவ்வூர் 30 குடும்புகளும் 12 சேரிகளும் உடையதாக அதில் குறிக்கப்படுகிறது. உத்தரமேரூரோ அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். எனவே பத்தாம் நூற்றாண்டில் அந்தணர் வாழ்ந்த பகுதியும் சேரியே என்பது தெளிவு.

பிற்காலத்தில் இச்சொல் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்கே உரியதாகச் சுருங்கிற்று. பின்னர் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. ஆயினும் இன்று சிறுசேரி என்று சொல்ல நாணுவார் எவருமிலர். சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இங்கு அமைந்தபின், அப்பெயர் வேலைவாய்ப்பையும் வளத்தையும் நினைவூட்டும் பெயராகிவிட்டது. சொல் ஒன்றே, ஓரிடத்தில் இழிவையும் மற்றோரிடத்தில் பெருமையையும் அது தருகிறது. ஆகவே இழிவு எழுத்தில் இல்லை. அங்கு வாழ்வோரை உலகம் நடத்தும் முறையில் இருக்கிறது.

'காலனி' என்னும் சொல்லின் நிலையும் இதுவே. ரயில்வே காலனி என்றால் எவரும் முகம் சுளிப்பதில்லை. ஊருக்குப் புறத்தே 'காலனி' என்று மட்டும் சொன்னால் அது சாதியைச் சுட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. இதனைக் கருதியே, 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில், தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வழங்கும் சாதிப் பெயர்களை நீக்குவதற்கான அரசாணையும் வெளிவந்தது.

கண்ணகி நகர்

பெயர் உயர்ந்ததாயின் மதிப்பும் தானே உயருமோ? உயராது என்பதற்குச் சான்று இதே சாலையில், சிறுசேரிக்கு வடக்கே துரைப்பாக்கத்தை அடுத்து உள்ளது. சென்னையின் ஆற்றங்கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்த குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் அங்குக் குடியேற்றினர். எழுந்த வீடுகள் 15,000க்கும் மேல். இட்ட பெயரோ அரசவையில் நீதி கேட்ட காப்பியத் தலைவியின் பெயர். தமிழில் அதனினும் சிறந்த பெயர் அரிது. எனினும் தொழில் செய்த இடத்தையும் பிள்ளைகள் படித்த பள்ளியையும் விட்டு நெடுந்தொலைவு வந்த மக்கள் வறுமையில் உழன்றனர். ஒரு சிலர் செய்த குற்றங்கள் அனைவர் மீதும் ஏற்றப்பட்டன. வேலை தேடிச் சென்ற இளைஞர் தம் முகவரியில் கண்ணகி நகரை மறைத்துத் துரைப்பாக்கம் என எழுதும் நிலை வந்தது. இடம் பெயர்ந்தவர்க்குப் பெயரும் பெயர்ந்தது.

பெயரை மாற்றிவிடலாம் என்பார் இருக்கலாம். ஆனால் அவ்வூர் மக்கள் வேறு வழி கண்டனர். 2020இல் அதன் சுவர்களில் கலைஞர்கள் பெரிய ஓவியங்களைத் தீட்டினர்; காண வருவோர் பெருகினர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத்தலைவி கார்த்திகா, கண்ணகி நகரைச் சேர்ந்தவர். நாளிதழ்கள் அவரைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே எழுதின. மறைக்கப்பட்ட முகவரி தலைப்புச் செய்தியாயிற்று.

இதில் மகிழ்வோம், எனினும் ஒன்றை மறவாதிருப்போம். ஓர் ஊர் மதிக்கப்படுவதற்கு அவ்வூர்ப் பிள்ளைகள் தங்கம் வென்றாக வேண்டும் என்பது நீதியன்று. தங்கம் வெல்லாத பிள்ளைக்கும் முகவரியை அஞ்சாது எழுதும் உரிமை உண்டு.

பெயர் மாற்றமும் நடத்தை மாற்றமும்

இவற்றால் ஒரு வேறுபாடு புலப்படும். இழிவுபடுத்தவே இட்ட பெயர் ஒருவகை. ஆங்கிலேயர் சென்னையில் இந்தியர் வாழ்ந்த பகுதியைக் 'கருப்பர் நகரம்' என அழைத்தது அத்தகையது. அது பின்னர் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. சாதியை முகவரியாக்கும் பெயர்களும் இவ்வகையினவே. இவை மாற்றப்பட வேண்டியவை. புறக்கணிப்பால் மதிப்பிழந்த நற்பெயர் மற்றொருவகை. அங்கு மாற வேண்டியது பெயரன்று. பள்ளி, பேருந்து, மருத்துவமனை, வேலை ஆகியவற்றின் நிலையே. அவற்றைச் சீர்செய்யாது பெயரை மட்டும் மாற்றினால், பழைய பழி புதிய பெயரிலும் ஏறி அமரும்.

யத்ரிப் என்னும் நகர் மதீனாவான வரலாறும் இதனையே உணர்த்தும். கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்குக் குடிபெயர்ந்த பின்னரே அப்பெயர் நிலைத்தது. மக்காவை விட்டு வந்த முஹாஜிர்களை அவ்வூர் அன்சாரிகள் உடன்பிறந்தாராக ஏற்று, தம் உடைமையிலும் பங்களித்தனர். பெயர் மாறியதோடு வந்தவரை நடத்தும் முறையும் அங்கு மாறிற்று. அதனாலன்றோ அப்பெயர் இன்றளவும் ஒளிர்கிறது!

நிறைவாக

பெயர் சூட்டும்போதும் மாற்றும்போதும் அங்கு வாழ்வோரைக் கேட்பது முதற்கடமை. மாணவ மணிகள் தத்தம் தெருப்பெயர்களின் வரலாற்றை முதியோரிடம் கேட்டுத் தொகுப்பார்களாயின், அது தமிழாய்வுக்கும் ஊர்நலத்துக்கும் ஒருங்கே பயன்படும். ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டில் காணும் முகவரியைக் கொண்டு மாணவரை அளவிடாதிருத்தல் வேண்டும். தொழில் நடத்தும் சமுதாயப் பெரியோர்கள் விண்ணப்பத்தில் ஊரைப் பார்க்குமுன் தகுதியைப் பார்த்தல் வேண்டும். ஓர் ஊருக்கு நற்பெயர் தேடித் தருவதில் அவ்வூராருக்கு உள்ள பங்கைக் காட்டிலும், அவ்வூரின் பெயரைக் கேட்கும் நமக்குள்ள பங்கு குறைந்ததன்று.